ஒரு சூளைக்கு ஒரு திருத்தம்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் புதிதாக யூனிட் எடுத்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் எழுதுகிறேன். கொலு பொம்மையோ, அகல் விளக்கோ, ஃபியூஸ் கேரியரோ, எது செய்தாலும் முதல் சில மாதங்கள் ரிஜெக்ட் குவியத்தான் செய்யும். அதைப் பார்த்ததும் மண், அச்சு, கிளேஸ், சூளை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

1. முதலில் எண்ணுங்கள். கெட்ட சரக்கை மூலையில் கொட்டாமல் வகை பிரித்து அடுக்குங்கள்: விரிசல், கோணல், கிளேஸ் விலகியது, ஊசித்துளை, கைபட்டு உடைந்தது. நாலைந்து சூளை இறக்குவதற்குள், சேதத்தில் பெரும்பங்கு இரண்டு மூன்று வகையில்தான் விழுகிறது என்பது தெரிந்துவிடும். தர நிபுணர் ஜோசப் ஜுரான் உலகத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் சொன்னதும் இதைத்தான்.

2. எத்தனை போனது என்பதோடு எந்தக் கட்டத்தில் போனது என்றும் பாருங்கள். பச்சையாக இருக்கும்போது விரிந்த பொம்மையை ஊறப்போட்டுக் கரைத்தால் மறுபடி ஸ்லிப் ஆகிவிடும். கூலி மட்டும்தான் நஷ்டம். பிஸ்கட் சூடு வாங்கியது திரும்ப மண் ஆகாது. கிளேஸ் சூட்டுக்குப் பிறகு கெட்டதோ மண், கூலி, வண்ணம், இரண்டு சூட்டின் எரிபொருள் அத்தனையையும் கொண்டுபோய்விடும். பச்சையில் போகும் நூறைவிடக் கடைசியில் போகும் இருபது உங்களை அதிகம் வதைக்கலாம். அந்த இருபதை முதலில் பிடியுங்கள்.

3. பல குறைகளுக்கு ஒரே வேர் இருக்கும். ஸ்லிப்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று வையுங்கள். வார்ப்பு கனம் பிடிக்க நேரமாகும், பிளாஸ்டர் அச்சு சீக்கிரம் ஊறிப்போகும், பொம்மை அச்சை விட்டு வராது, காயும்போது அதிகம் சுருங்கிக் கோணும், கழுத்தில் விரியும். இப்படி நாலைந்து குறை தெரியும்; திருத்த வேண்டியது ஒன்றே. ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தை எடுங்கள். ஸ்லிப்பை விளிம்பு மட்டத்துக்கு ஊற்றி எடை போடுங்கள். பாத்திரத்தின் எடை போக சுமார் 1,750 கிராம் நின்றால் நல்லது. நன்றாக ஓடவில்லையே என்று தண்ணீரை ஊற்றாதீர்கள். சோடியம் சிலிகேட்டைத் துளித் துளியாகச் சேர்த்துப் பாருங்கள். தினமும் காலையில் இந்த எடையைச் சுவரில் எழுதுங்கள். புதியவர்கள் முதல் வேலையாக இதை எடுத்துக்கொண்டால் பாதிச் சுமை இறங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

4. ஒரு சூளைக்கு ஒரு மாற்றம். கிளேஸில் வலைபோல் மயிரிழை விரிசல் ஓடுகிறது. ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்குவதுதான் காரணம். கிளேஸில் குவார்ட்ஸ் தூளைக் கொஞ்சம் கூட்டலாம். அதே சூளையில் சூட்டையும் ஏற்றி, மண் கலவையையும் மாற்றினால், விரிசல் நின்றாலும் எதனால் நின்றது என்று சொல்ல முடியாது. அடுத்த மாதம் திரும்ப வந்தால் கை பிசைவீர்கள். பழைய கிளேஸ் போட்டதையும் புதியது போட்டதையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சூளைக்குள் இடத்துக்கு இடம் சூடு மாறும். அடியில் இரும்பு ஆக்சைடால் எண் எழுதினால் சூட்டில் அழியாது.

5. பெரிய செலவில் கை வைக்குமுன் ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள். 1953இல் இனா என்ற டைல் நிறுவனத்தில், டனல் கில்னுக்குள் சூடு சமமாகப் பரவாமல் டைல்கள் அளவு மாறி வந்தன. சூளையை மாற்றிக் கட்டுவது பெரும் செலவு. ஆராய்ந்ததில் மண் கலவையில் சுண்ணாம்பை 1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக்கினாலே போதும் என்று தெரிந்தது. கெனிச்சி டகுச்சியின் சோதனை முறைக்குப் பேர்வாங்கித் தந்த வேலை அது. அவர்கள் பல பொருள்களைச் சேர்த்தே சோதித்தார்கள், ஆனால் கணிதப்படி போட்ட அட்டவணை கையில் இருந்தது. அந்தப் படிப்பு கைவரும் வரை நமக்கு ஒவ்வொன்றாகப் போவதே சரி.

6. மற்ற குறைகளை நோட்டில் எழுதி ஒத்திவையுங்கள். வேலை செய்யும் அக்காமார்களிடம் ஒரே நாளில் பத்துக் குறை சொன்னால் ஒன்றும் நிற்காது. இந்த வாரம் காது ஒட்டும் இடம், அவ்வளவுதான்.

7. நவராத்திரி முதல் கார்த்திகை தீபம் வரை எதையும் மாற்றாதீர்கள். ஆர்டர் நெருக்கும், மழையில் சரக்கும் காயாது. சோதனைகளைத் தை பிறந்த பிறகு வையுங்கள்.

8. தூசியை மட்டும் எந்த வரிசையிலும் காத்திருக்க வைக்கக் கூடாது. குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். அதைக் குணமாக்க மருந்து இல்லை. உலர்ந்த துடைப்பத்தால் தரையைப் பெருக்க விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தூள் கலக்குபவருக்கு நல்ல மாஸ்க் இன்றே வாங்கிக் கொடுங்கள்.