கடலில் ஒரு கடிகாரம்

தீர்க்கரேகை என்றாலே நமக்குக் கொட்டாவி வரும். ஒரு காலத்தில் அது மாலுமிகளின் உயிர்ப் பிரச்சினை. ஸ்பெயின் நாட்டு மெண்டானா 1568-ல் பசிபிக்கில் சாலமன் தீவுகளைக் கண்டார். 1595-ல் குடியேற ஆட்களோடு மறுபடி போனார். அந்தத் தீவுகள் அகப்படவே இல்லை. வேறொரு தீவில் நோயில் இறந்தே போனார்.

அட்சரேகை சுலபம். உச்சிவேளைச் சூரியனின் உயரத்தை அளந்தால் போதும். தீர்க்கரேகைக்கு நேரம் தெரியணும். பூமி 24 மணியில் 360 டிகிரி சுற்றுகிறது. ஆகவே ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். புறப்பட்ட ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் இருந்தால் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் ஆடுகிற கப்பலில் பெண்டுலம் சரியாக ஓடுமா? தச்சுவேலை தெரிந்த ஜான் ஹாரிசன் ஸ்பிரிங், பாலன்ஸ் வீல் வைத்து அதைச் சாதித்தார். அவர் கடிகாரத்தின் நகலை, 1772-75 பயணத்தில் கேப்டன் குக் ரெசல்யூஷன் கப்பலில் பசிபிக்குக்கு எடுத்துப்போய், நம்பலாம் என்று காட்டினார்.

நம் ஊருக்கு வருவோம். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் வந்ததும் கடற்பயணத்துக்கு உதவத்தான். இந்திய நேரம் 82.5 டிகிரிக்கு உரியது. தாம்பரம் சுமார் 80.1. வித்தியாசம் 2.4, நாலால் பெருக்கினால் 9.6 நிமிடம். கிறிஸ்துமஸ் லீவில் மொட்டைமாடியில் கம்பு நட்டுப் பார்த்தேன். நிழல் மிகக் குட்டையானது 12.10 வாக்கில்தான்!

கடிகாரம் ஒரு நிமிடம் தப்பினால், நிலநடுக்கோட்டில் கப்பல் சுமார் 28 கிலோமீட்டர் தப்பும். ஒர்க் ஷாப்பில் அரை மில்லிமீட்டருக்கு சார் ஏன் சத்தம் போடுகிறார் என்று இப்போது புரிகிறதா?