தண்ணீரும் தளபதியும்

கேள்வி: 1942 இந்து சமுத்திரப் போரைக் கணினியில் விளையாடுகிறேன். கப்பல்களைத் திருகோணமலையில் நிறுத்தினால் அழிந்துவிடுகின்றன. எங்கே பிழை?
– வாசகர் ஒருவர், வலப்பனை

பதில்: பிரித்தானியக் கீழைக் கடற்படைத் தளபதி அட்மிரல் சொமர்வில்லுக்கும் கப்பல்களை எங்கே நிறுத்துவது என்ற இதே தலைவலிதான். ஜப்பானியரை எதிர்பார்த்து இலங்கைக்குத் தெற்கே சுற்றிக் காத்திருந்தார். பழைய போர்க்கப்பல்களில் நன்னீர் குறைந்தது. அதனால் மாலைதீவின் அட்டு பவளத்தீவிலிருந்த இரகசியத் தளத்துக்குப் போனார். ஏப்ரல் 4 மாலை ஜப்பானியர் தென்பட்டபோது அவர் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 600 மைல் தள்ளி எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கொழும்பில் குண்டு! ஆகவே கப்பல்களைத் திருகோணமலையிலிருந்து தள்ளி வைக்கும்போது எண்ணெயோடு தண்ணீரையும் முதலிலேயே கணக்கிடுங்கள்.

விளையாட்டின் கட்டளைப் பகுதியில் யார் யாருக்குக் கீழே? ஆளுநர் உட்பட இலங்கை முழுவதும் அட்மிரல் லேய்ட்டனுக்குக் கீழே; கீழைக் கடற்படை மட்டும் சொமர்வில்லிடம். தென்கிழக்காசிய நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனைப் பேராதனையில் தேடாதீர்கள். அவர் தலைமையகம் அங்கு வந்தது 1944இல்தான்.