கவசத்தின் எடையை யார் சுமப்பது?

கேள்வி: வாளும் மந்திரமும் வரும் கணினி விளையாட்டுகளை விரும்பி ஆடுகிறவன் நான். அவற்றில் கனத்த கவசம் போட்டால் அடி குறைவாகப் படும், ஆனால் நடை மெதுவாகும். இலகு கவசம் என்றால் நேர்மாறு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஆவடியில், சுமார் 68 டன் எடையுள்ள அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தவர்களே இப்போது 25 டன்னில் ஜொராவர் என்ற டாங்கியையும் வடிவமைத்திருக்கிறார்கள். கனமே பாதுகாப்பு என்றால் இலகு டாங்கி எதற்கு? வேகத்துக்காகவா?
– அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். வேகத்துக்காக அல்ல. கனமான டாங்கி என்றால் மெதுவாகத்தான் போகும் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆவடியிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது.

நீங்கள் ‘டேங்க் ஃபேக்டரி’ என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலையில் ரஷ்ய வடிவமைப்பான டி-72 டாங்கி ‘அஜேயா’ என்ற பெயரில் உருவானது. எடை சுமார் 41 டன், எஞ்சின் 780 குதிரைத்திறன். அர்ஜுனின் முதல் வடிவம் 58.5 டன், எஞ்சின் 1,400 குதிரைத்திறன். குதிரைத்திறனை எடையால் வகுத்தால் வருவது திறன்-எடை விகிதம், அதாவது ஒவ்வொரு டன்னையும் இழுக்கக் கிடைக்கும் பலம். டி-72-க்கு அது ஏறக்குறைய 19, அர்ஜுனுக்கு 24. சாலையில் டி-72 மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும், அர்ஜுன் 70 ஓடும். 17 டன் கூடுதலாகச் சுமக்கிற வண்டிதான் முன்னால் போகிறது.

சரி, மணலிலும் சேற்றிலும் புதைந்துவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதைத் தீர்மானிப்பது மொத்த எடை மட்டுமல்ல, தரையழுத்தமும்தான். அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தரையிலும் எவ்வளவு எடை இறங்குகிறது என்ற கணக்கு. அர்ஜுனின் அகலமான சங்கிலிப் பட்டைகள் எடையைப் பரப்பிவிடுவதால், அதன் தரையழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.85 கிலோ. சாதாரண கார் டயருக்கு அடியில் அது ஏறத்தாழ 2 கிலோ. கார் சிக்கிக்கொள்ளும் மணலை அர்ஜுன் கடந்துவிடும். ராஜஸ்தான் பாலைவனத்தில் அது நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் கனத்துக்கு விலையே இல்லையா? இருக்கிறது, பெரிய விலை. ஆனால் அதன் பெரும்பங்கைக் கொடுப்பது டாங்கி அல்ல.

முதலில் கவசம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு சுமார் 78 கிலோ இருக்கும். பத்துச் சதுர மீட்டரைப் பத்து சென்டிமீட்டர் தடிமனில் மூடினால் கிட்டத்தட்ட 8 டன். ஆகவே எடையைத் தீர்மானிப்பதில் தகட்டின் தடிமனுக்கு எவ்வளவு பங்கோ, மூட வேண்டிய பரப்புக்கும் அவ்வளவு பங்கு. டி-72-இல் குண்டை இயந்திரமே பீரங்கிக்குள் செலுத்துகிறது. உள்ளே மூன்று பேர் போதும். அர்ஜுனில் அந்த வேலைக்கென்று நான்காவதாக ஒருவர் இருக்கிறார். அவர் அசைந்து வேலை செய்ய இடம் வேண்டும். அந்த இடத்தைச் சுற்றிலும் கவசம் வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள எடை வித்தியாசத்தில் கணிசமான பகுதி, தடித்த சுவர் என்பதைவிட பெரிய அறை என்பதால் வந்தது.

விளையாட்டுகள் இந்த இடத்தில் விஷயத்தை எளிமையாக்கிவிடுகின்றன. ‘ஸ்கைரிம்’ ஆடியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கவச மதிப்பு 567-ஐத் தொட்டதும் அடியில் 80 சதவீதம் கழிந்துவிடும், அதற்கு மேல் கூட்டினாலும் பயனில்லை. உடல் முழுவதற்கும் அந்த ஒரே எண். நிஜ டாங்கிக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. அதன் முகத்தில்தான் கவசத்தின் பெரும்பங்கு, பக்கவாட்டில் குறைவு, முதுகிலும் மேல்தளத்திலும் இன்னும் குறைவு. அர்ஜுனின் முகத்தைக் காக்கும் ‘காஞ்சன்’ கவசம் ஹைதராபாதின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தில் உருவான கலப்படுக்குக் கவசம், அதாவது எஃகையும் வேறு கடினப் பொருள்களையும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டியது. அதே காப்பை எல்லாப் பக்கமும் கொடுக்க முயன்றால் எந்த எஞ்சினும் தாங்காது.

இனி விலைக்கு வருவோம். டாங்கி தன் சங்கிலிப் பட்டையிலேயே ஓடிப் போர்முனைக்குப் போவதில்லை. டிரெய்லரிலும் ரயிலிலும் போகிறது, வழியில் பாலங்களைக் கடக்கிறது, அவசரமென்றால் விமானத்தில் ஏறுகிறது. அர்ஜுனுக்கென்றே ரயில்வேயில் தனித் தட்டை வேகன் வடிவமைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பாலத்துக்கும் சுமைத் தரம் என்று ஓர் எல்லை உண்டு; அதைத் தாண்டிய வண்டி ஏறக் கூடாது. விமானப்படையின் சி-17 போக்குவரத்து விமானம் அதிகபட்சம் ஏறக்குறைய 77 டன் சுமக்கும். அதில் கனத்த டாங்கி என்றால் ஒன்று, ஜொராவர் என்றால் இரண்டு. கனத்தைத் தாங்குவது பாலமும் வேகனும் விமானமும் மலைப்பாதையும்தான். அவை தாங்காத இடத்தில் உங்கள் கவசம் எத்தனை அங்குலம் இருந்தாலும் ஒன்றுதான், டாங்கி அங்கே வந்து சேராது.

கனத்த டாங்கி போக முடியாத இடத்துக்கு இலகு டாங்கி போகும் என்பதை நம் ராணுவம் 1948-லேயே செய்து காட்டியிருக்கிறது. லடாக்குக்குப் போகும் சோஜி லா கணவாய், சுமார் 11,500 அடி உயரம், எதிரிகளின் கையில் இருந்தது. இருபுறப் பாறைகளிலும் இயந்திரத் துப்பாக்கிகள். காலாட்படை முயன்று முடியவில்லை. டாங்கிகளைக் கொண்டுபோவது என்று ஜெனரல் திம்மையா முடிவெடுத்தார். கிடைத்தவை 7-ஆவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், ஒவ்வொன்றும் 15 டன் அளவில். அன்றைய கணக்கிலேயே மெல்லிய கவசம்; இரண்டாம் உலகப்போரின் பெரிய டாங்கிகள் முன்னால் அவை நிற்க முடியாது. ஆனால் டரட் எனப்படும் பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூட்டைக் கழற்றி, ரகசியமாக மலையடிவாரம் வரை கொண்டுபோக முடிந்தது. பால்தாலிலிருந்து மேலே கோவேறு கழுதைகள் போகும் தடம்தான் இருந்தது. அதை வண்டி ஏறும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவுப் பொறியாளர்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு உரிய இடம் அதிகம் பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம். 1948 நவம்பர் 1 அன்று, பனிக்கு நடுவே, அந்த உயரத்தில் யாருமே எதிர்பாராத டாங்கிகள் கணவாயில் ஏறின. பாறைக்குள் இருந்தவர்களிடம் டாங்கியைத் துளைக்கும் ஆயுதம் இல்லை. 15 டன் கவசம் அன்று போதுமானதற்கும் மேலாக இருந்தது. அதே நாளில் அதைப்போல் மூன்று மடங்கு கனமான டாங்கி அந்தப் பாதையில் ஒரு வளைவைக்கூடத் தாண்டியிருக்காது. 1962-இலும் இதே நியாயம்தான்: ஏ.எம்.எக்ஸ்-13 என்ற இலகு டாங்கிகளை ஆன்-12 விமானத்தில் ஏற்றி லடாக்கின் சுஷூலில் இறக்கினார்கள்.

உயரத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 4,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். எரிபொருளோடு சேர்ந்து எரியக் காற்று குறைவதால் எஞ்சினின் பலம் இறங்குகிறது. அங்கே ஒவ்வொரு டன்னும் இரண்டாம் முறை கனக்கிறது. அதனால்தான் ஜொராவருக்கு டன்னுக்கு 30 குதிரைத்திறன் அளவில் எஞ்சின் வைத்திருக்கிறார்கள். வேகம் ஓர் உபரி நன்மை. ஏற்றம் ஏறுவதே முக்கியம்.

இதற்காக விட்டுக்கொடுப்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய டாங்கி ஒன்று முகத்துக்கு நேராகச் சுடும் குண்டை 25 டன் டாங்கி தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வெடிகவசம், அதாவது குண்டு பட்டதும் தானே வெளிநோக்கி வெடித்து அதன் தாக்குதலைச் சிதறடிக்கும் பெட்டிகள், ஏவுகணைகளுக்கு எதிராக ஓரளவு ஈடுசெய்யும். திபெத் பக்கத்தில் சீனா நிறுத்தியிருக்கும் டைப்-15 டாங்கியும் 33 டன் அளவிலான இலகு ரகம்தான், அதன் பீரங்கியும் ஜொராவரைப் போல 105 மில்லிமீட்டர் என்பதால் இந்தக் குறை அங்கே அவ்வளவாக உறுத்தாது.

ஒன்று வந்ததால் மற்றது போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். 2020-க்குப் பிறகு லடாக்கில் டி-72, டி-90 டாங்கிகளும் நிற்கின்றன. 2021 செப்டம்பரில் ஆவடித் தொழிற்சாலைக்கு நீங்கள் சொன்ன 68 டன் வடிவமான அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகள் 118-க்கான ஆணை வந்தது. ஆவடியின் போர் வாகன ஆய்வு நிறுவனம் வடிவமைத்து, குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி கட்டிய ஜொராவர், 2024 செப்டம்பரில் பாலைவனத்திலும் டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேலான உயரத்திலும் சுட்டுப் பார்க்கப்பட்டது.