கல்லில் ஒரு நாயின் பெயர்

கேள்வி: எங்கள் சிற்றூரில் வரலாற்று மன்றம் தொடங்கி மாதாமாதம் பேச்சுக் கூட்டம் நடத்துகிறோம். ஆள் சேரவில்லை. வேறென்ன செய்யலாம்?

பதில்: பிள்ளைகளைப் பழைய கல்வெட்டுக் கல்லருகே கூட்டிப்போங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. இதைக் கேட்ட பிள்ளை அங்கிருந்து லேசில் நகராது. உங்கள் ஊர்க் கல்லில் எழுத்திருந்தால், மைப்படி எடுக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து எடுக்கச் சொல்லுங்கள். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்தில் பதித்து, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். கல்லில் பெயின்ட், சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படியே பாட்டிமார்களிடம் வயல்களின் பெயர், மதகுகளின் பெயர் கேட்டு எழுதிவையுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.