விசிறியும் வேகமும்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று எதிரே நோக்கினால் வில்லிங்டன் தீவு தெரியும். 1953 மே 11-இல் தொடங்கப்பெற்ற கருடா கடற்படை விமானத் தளம் அங்குதான் உள்ளது. அங்கிருந்து எழும் டார்னியர் விமானத்தின் விசிறி, ஓடுபாதையிலும் உயரத்திலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழல்கிறது. ஆயினும் விமானத்தின் வேகம் மாறுகிறது. இது எங்ஙனம்?

விசிறி இதழ்களின் சாய்வு மாறுவதே காரணம். மூணாறு மலை ஏறும் வண்டியை எண்ணிப் பாருங்கள். ஏற்றத்தில் முதல் கியர். சமவெளியில் மேல் கியர். சாய்வு குறைந்த இதழ் முதல் கியர் போன்றது. அது இயந்திரத்தை விரைந்து சுழலவிடும். சாய்வு மிகுந்த இதழ் மேல் கியர் போன்றது; அது ஒவ்வொரு சுற்றிலும் மிகுந்த காற்றை வெட்டித் தள்ளும்.

1938-இல் படையில் சேர்ந்த முதல் ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்குச் சாய்வு மாறாத மரவிசிறியே இருந்தது. பின்னர் இருநிலை விசிறி வந்தது. 1940 ஜூனில், பிரிட்டன் வான்போருக்குச் சற்று முன், அவை வேகம் மாறா விசிறிகளாக மாற்றப்படலாயின. 1944-இல் நம் நாட்டு விமானப்படையின் 8-ஆம் பிரிவும் ஸ்பிட்ஃபயரை ஏற்றது.

இவ்விசிறியில் வேகக் காவலன் ஒன்று உண்டு. சுழற்சி மிகுந்தால் அதன் எடைகள் வெளிப்புறம் விரியும். அதனால் இதழ்களின் சாய்வு கூடும். சுழற்சி பழைய அளவுக்குத் திரும்பும். விமானி பிடிக்கும் நெம்புகோல், "இத்தனை சுற்று வேண்டும்" என்று அக்காவலனுக்கு இடும் கட்டளையே.

கணினியில் போர்விமானம் ஓட்டிப் பழகும் மாணவர் பலர், எதிரியைக் கண்டதும் த்ராட்டிலை மட்டும் முழுவதும் தள்ளுகின்றனர். சுற்று குறைவாயிருக்க, அழுத்தம் மட்டும் மிகுந்தால் உருளைகளில் எரிபொருள் முறையின்றி வெடிக்கும், இயந்திரம் பாழாகும். எதிரி சுடாமலே வீழ்ச்சி! ஆகவே இவற்றை மனத்திற் பதிக்க:

1. ஆற்றலைக் கூட்டும்போது முதலில் சுற்று, பிறகு த்ராட்டில்.

2. குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு சுற்று.

3. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இயந்திரத்திற்கு, புறப்பாட்டுக்கும் போருக்கும் நிமிடத்திற்கு 3000 சுற்று, ஏற்றத்திற்கு 2850, நெடும் பறப்புக்கு 2650. 3000 சுற்றிலேயே நெடுநேரம் ஓட்டலாகாது.

4. செங்குத்தாகப் பாயும்போது இதழ்கள் சாய்வின் எல்லையைத் தொட்டுவிட்டால் காவலனால் சுழற்சியை அடக்க இயலாது. அப்போது த்ராட்டிலைக் குறைக்க.

5. இயந்திரம் நின்றுவிட்டால் நெம்புகோலை முற்றும் பின்னுக்கு இழுக்க. சாய்வு மிகுந்த இதழ் காற்றை அதிகம் தடுக்காது. விமானம் தொலைவு மிதந்து செல்லும்.

கணினியில் உடைந்த இயந்திரம் மறு ஆட்டத்தில் சீராகிவிடும். மெய்யான வானில் மறு ஆட்டம் இல்லை. பழகும்போதே முறையாகப் பழகுவோம்.