இறப்பர் மரத்தின் இலையுதிர்வும் அதுபற்றிய நம்பிக்கைகளும்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் மலைகளிலே, காலமல்லாக் காலத்தில் இலையை இழந்து மரங்கள் மொட்டையாக நிற்கக் கண்டால், பால் வெட்டுபவர் கத்தியை ஆழமாக இறக்கிவிட்டார் என்று சிலரும், பட்டையிற் பூசிய மருந்தின் உஷ்ணம் உச்சிவரை ஏறி இலையைக் கருக்கிவிட்டது என்று வேறு சிலரும் காரணங் கூறுவர்; இன்னுஞ் சிலரோ, மருந்து போதாமையே குறை, மேலும் ஒருமுறை பூசினால் மரம் தேறிவிடும் என்று இதற்கு நேர்மாறான அபிப்பிராயத்தைத் துணிந்து சொல்வர். எட்டியாந்தோட்டை தொடக்கம் இறக்குவானை வரை வழங்கிவரும் இப்பேச்சுக்கள் மூன்றுமே பிழையானவை. முதலாவது பிழை மட்டுமன்று, அநியாயமுமாகும். இலையற்ற மரத்திலே பால் குறைந்து, அதனால் வருமானத்தையும் இழக்கின்ற தொழிலாளியின் தலையிலேயே அந்தப் பழியும் சுமத்தப்படுகின்றது. ஆழமாக வெட்டினால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்படை காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அது மெய்யான தீங்குதான். ஆனால் அந்தக் காயம் நாற்பது அடிக்கு மேலேயுள்ள இலையிற் புள்ளி வைப்பதில்லை.

இலை உதிர்ந்தால் அது நோய்தான் என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். நம் நாட்டிலே தை மாசி மாதங்களில் இறப்பர் மரம் தன் இலைகளைத் தானே உதிர்த்துவிட்டுப் புதுத்துளிர் விடுகிறது. இது அதன் சுபாவம். இளம் இலை ஒட்சின் என்னும் ஓமோனை இடையறாது உண்டாக்கிக் காம்பு வழியே அனுப்பிக்கொண்டிருக்கும்வரை காம்பின் அடியிலுள்ள கலங்கள் இறுக்கமாக இருக்கின்றன. இலை முதிர்ந்து ஒட்சின் குன்றி, எதிலீன் என்ற வாயு ஓமோன் மேலோங்கும்போது, அக்கலங்களின் சுவர்களைக் கரைக்கும் நொதியங்கள் சுரந்து இலை கழன்று விழுகிறது. நோய் பிடித்த இலையும் இதே வழியாகத்தான் விழுகின்றது. பங்கசினாற் காயமுற்ற இலை எதிலீனை அளவுக்கு மீறி வெளியிட, மரம் அதனைத் தன்னிலிருந்து கழற்றிவிடுகிறது. ஆகவே உதிர்க்கின்ற செயல் இரண்டிலும் மரத்தினுடையதே. தூண்டிய காரணம் எதுவென்பதை விழுந்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்தே அறியவேண்டும்.

பருவத்தில் உதிர்ந்த இலை செம்பு நிறமாகவோ மஞ்சளாகவோ, வடுவின்றி இருக்கும். புதுத்துளிர் காலத்தில் விழுந்த பிஞ்சிலையில் வெண்ணிறத் தூள் படிந்திருந்தால் அது ஓய்டியம் எனப்படும் சாம்பல் நோய். முற்காலத்திலே துரைமார் கந்தகத் தூளைத் தூவுவித்தது இதற்காகவே. தென்மேற்குப் பருவமழைக்குள் பச்சையிலையாகவே கொட்டி, காம்பிலே கரிய வடுவும் அதன் நடுவில் உறைந்த வெண்பாற் துளியொன்றும் காணப்பட்டால் அது பைட்டோப்தோராவின் வேலை. பழுப்புப் புள்ளியிலிருந்து நரம்புகள் வழியே கருமை படர்ந்து மீன்முள்ளைப் போலத் தெரிந்தால் அது கோரினெஸ்போரா. இவற்றுள் மிகவும் அஞ்சத்தக்கது இதுவே. ஏனைய இரண்டும் பெரும்பாலும் ஒரு பருவத்தோடு கழிந்துவிட, இதுவோ துளிர்விடுந்தோறும் திரும்பி வந்து, மரத்தின் கொப்புக்களையே காயவைத்துவிடும்.

இனி மருந்தின் சங்கதி. தோட்டங்களில் மருந்து என்று பொதுவாகச் சொல்லப்படுவது எத்தெபோன். 1960களின் பிற்பகுதியில் மலாயாவில் இறப்பர் பாலுக்கென ஆராயப்பட்டு, பின்னர் எங்கும் பரவிய திரவம் இது. பட்டையிற் சேர்ந்ததும் மரத்தின் உட்சாற்றிலே சிதைந்து எதிலீனை வெளியிடுகிறது. வெட்டிய பாற்குழாய்களின் வாய் சிறிது நேரத்தில் அடைபட்டுப் பால் நிற்பதே இயல்பாக இருக்க, எதிலீன் அவ்வடைப்பைத் தாமதப்படுத்தி, நீரையும் வெல்லத்தையும் அயலிலிருந்து பாற்குழாய்க்குள் இழுத்து, சிரட்டையில் நெடுநேரம் பால் சொட்டும்படி செய்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டிய மரத்தை மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை வெட்டினாற் போதும் என்ற ஏற்பாடு இதனாலேயே சாத்தியமாயிற்று. ஆகவே இது மரத்துக்கு உணவுமன்று, நோய்க்கு ஔஷதமுமன்று. மரம் சேமித்து வைத்திருப்பதை விரைந்து வெளிக்கொணரும் ஒரு தூண்டுதல் மாத்திரமே. அந்தச் சேமிப்பு முழுவதும் இலையிலே ஒளியினால் உண்டான வெல்லம் என்பதை நினைத்துப் பார்ப்போமாயின், இலையில்லாத மரத்திற்கு மருந்து பூசுவது எத்துணைக் கொடுமை என்பது விளங்கும். துளிர் முற்றுமுன் பூசுவதைத் தவிர்க்கும்படி சொல்வதும், மீறிப் பூசிய மரங்களில் பட்டை வரண்டு வெட்டில் பாலே வராமற் போவதும் இதன் பொருட்டே.

எதிலீன் இலையை உதிர்க்கும் என்பது மெய்யானால், பூசிய மருந்தே இலையைக் கொட்டுகிறது என்பாரின் கூற்றும் சரியல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பருத்தி வயல்களிலே, அறுவடைக்கு முன் காய் வெடிக்கவும் இலை உதிரவும் இதே எத்தெபோனைச் செடி முழுவதும் தெளிக்கிறார்கள். ஆனால் விதித்த அளவில், வெட்டுக்கோட்டை ஒட்டிய ஒரு சிறு பட்டியிலே தடவியது அடிமரத்தின் பட்டையில் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறதேயன்றி, உச்சியிலுள்ள இலையை உதிர்ப்பதில்லை. இலையில் வடுவை உண்டாக்குவது அதனால் ஒருபோதும் ஆகாது.

அப்படியானால் இலையை நோயிலிருந்து காப்பது எது? இருபது மீற்றர் உயர்ந்து செங்குத்தான சரிவில் நிற்கும் மரங்களுக்கு நாற்றுமேடைக் கன்றுக்குத் தெளிப்பதுபோல் பங்கசுநாசினி தெளித்தல் காரியசாத்தியமன்று. மரத்தின் பிறப்பிலேயே அமைந்த எதிர்ப்புச் சக்திதான் முதற் காப்பு. அந்த எதிர்ப்பிலும் ஓமோன்களுக்குப் பங்குண்டு. உயிருள்ள கலத்தின்மேல் வாழும் ஓய்டியம் போன்ற பங்கசுக்கு எதிராகச் சலிசிலிக் அமிலமும், கலத்தைக் கொன்று தின்னும் கோரினெஸ்போரா போன்றவற்றுக்கு எதிராக ஜஸ்மோனிக் அமிலமும் எதிலீனும் முன்னிற்பது தாவரங்களில் பொதுவாகக் காணப்படும் முறை. எனினும் எந்தச் சத்துருவை எவ்வளவு விரைவில் இனங்கண்டு அந்த ஓமோன்களை எழுப்புவது என்பதைத் தீர்மானிப்பன பரம்பரையலகுகளே. அவை இல்லாத மரத்திற்கு வெளியிலிருந்து ஓமோனைப் பூசி ஈடுசெய்ய முடியாது.

இதற்கு நம் நாட்டிலேயே பிரத்தியட்ச உதாரணம் உண்டு. அகலவத்தை, டார்ட்டன்பீல்டிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற குளோன், பால் மிகுதியாற் புகழ்பெற்றுத் தோட்டந்தோறும் நடப்பட்டது. 1980களின் நடுப்பகுதியிலே கோரினெஸ்போரா அதன்மேல் வீழ்ந்தபோது, மலைமலையாக மரங்கள் மொட்டையாகி, அக்குளோனை நடுகைப் பட்டியலிலிருந்தே நீக்கி, நின்றவற்றைப் பிடுங்கவும் நேர்ந்தது. அதே நிலையத்திற் பிறந்த ஆர்.ஆர்.ஐ.சி. 100 அதே மழையிலும் அதே காற்றிலும் பசுமையாக நின்றது. கோரினெஸ்போரா உண்டாக்கும் காசிகோலின் என்ற நஞ்சு 27 அமினோ அமிலங்களாலான ஒரு சிறு புரதம். அதனைத் தாங்காத குளோன்களில், பங்கசு இல்லாமலே அந்நஞ்சு மட்டும் இலையை வாட்டிவிடும் என்பதை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். குளோன் என்பது ஒரே தாய்மரத்தின் மொட்டுக்களை ஒட்டி வளர்த்த கூட்டமாதலால், ஒரு மலையில் ஆயிரம் மரம் நின்றாலும், நோயின் முன்னிலையில் நிற்பது ஒரே மரம்தான்.

சோளப் பயிரில் இது இன்னும் தெளிவாக நிகழ்ந்தது. அமெரிக்காவிலே கலப்பின விதை உண்டாக்குவோர், ஆண் பூவைக் கையாற் பறிக்கும் கூலியை மிச்சப்படுத்த, மகரந்தம் உண்டாகாத டெக்ஸாஸ் குழியவுருவைக் கொண்ட சோளத்தையே விரும்பி எடுத்து, 1970இல் நாட்டுச் சோளத்தில் ஏறத்தாழ 85 வீதத்தை அதனாலேயே நிரப்பியிருந்தனர். மகரந்தத்தை மலடாக்கிய அதே பரம்பரையலகு, இழைமணியின் மென்சவ்விலே ஒரு புரதத்தை வைத்திருந்தது. இலைக்கருகல் பங்கசின் ஒரு புதிய வகை சுரந்த நஞ்சு சரியாக அதனையே பற்றிக்கொள்ள, அவ்வொரு வருஷத்தில் நாட்டின் விளைச்சலில் சுமார் 15 வீதம் அழிந்தது. அச்சோளம் நோஞ்சானுமன்று, உரமின்றி வாடியதுமன்று. செழித்து நின்ற பயிர். உரமிட்டால் எதிர்ப்பு வந்துவிடும் என்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

நல்ல குளோன் ஒன்று கிடைத்துவிட்டால் பின்னர் கவலையில்லை என்பதும் நம்பிக்கையே. 103ஐ அடுத்து நம்பி நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.சி. 110, 1990களில் அதே நோய்க்கு இரையாயிற்று. 2019இல் வந்த பெஸ்டலோட்டியொப்சிஸ் என்னும் வட்டப்புள்ளி நோயோ, மழை மிகுந்த மாவட்டங்களிலே ஒரு குளோனோடு நில்லாமற் பல குளோன்களின் இலைகளையும் உதிர்த்தது. 1869இல் இந்நாட்டில் தோன்றிய இலைத்துருவினால் காப்பித் தோட்டங்கள் அழிந்து, அவற்றை நம்பிக் கடல் கடந்து வந்த நம் முன்னோரின் பிழைப்பும் குலைந்த சரித்திரத்தை அறிந்த எவரும், ஒரே செடியால் மலையெல்லாம் நிரப்புவதை அமைதியோடு பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நட்ட இறப்பர் கன்று வெட்டுக்கு வர ஆறேழு வருஷம் செல்லும்; அதன்பின் இருபது வருஷத்துக்கு மேல் அம்மரத்தின் பாலிலேதான் லயத்துக் குடும்பங்கள் வாழவேண்டும். ஆதலால் மறுநடுகையின்போது மலைக்கு மலை குளோனை மாற்றி நடுவதும், நாற்றுமேடையில் ஒட்டிய மொட்டு எந்தக் குளோனினது என்பதை எழுத்து மூலம் பெற்றுத் தோட்டப் பதிவேட்டில் ஏற்றுவதும், அப்பதிவைக் கணக்கப்பிள்ளையும் பால் வெட்டுவோரும் கேட்டறியும்படி வைப்பதும் நிர்வாகங்கள் செய்யவேண்டியவை. சிற்றுடைமையாளர்களும் கன்று வாங்குமுன் இலவசமாகவோ மானியமாகவோ கிடைக்கிறதா என்பதோடு, அது எந்தக் குளோன், அயல் நிலத்தில் நிற்பது எந்தக் குளோன் என்பதையும் இறப்பர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாராக.