கல்வராயன் மலையில் யார், எவ்வளவு தூரம் நடக்கலாம்?

இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தி எட்டு மாதங்கள் ஆகியிருந்த ஒருவர், மறுபரிசோதனைக்கு மனைவியுடன் வந்திருந்தார். எல்லாம் முடிந்து எழும்போது, "டாக்டர், பேரப்பிள்ளைகள் வெள்ளிமலைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் போகலாமா?" என்று கேட்டார். அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், "வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்ற வேண்டுகோள் இருந்தது.

வேண்டாம் என்பது மருத்துவருக்கு எளிய விடை. ஆனால் அந்த ஒரு சொல்லால், நடக்க வேண்டிய நோயாளி வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகிறார். வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது நெடுநாள் நோயுள்ளவர்களுக்கும் பொருந்தும். எனவே, "போகலாமா?" என்பதைக் காட்டிலும், "எந்தப் பாதையில், எந்த வேகத்தில்?" என்று கேட்பதே பயன் தரும்.

முதலில் ஓர் அச்சத்தை நீக்கிவிடுகிறேன். மலைமேல் காற்று குறைவு, அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் தோன்றும்; கல்வராயன் மலையின் ஊர்கள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 அடி உயரத்திற்குள் அமைந்தவை. இங்கே மூச்சு வாங்கச் செய்வது பாதையின் ஏற்றம்.

அமைதியாக அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஓர் அலகு எனக் கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்க ஏறத்தாழ 3 அலகு போதும். 100 அடிக்கு 10 அடி உயரும் சரிவில் அதே வேகத்தில் ஏற 6 அலகுக்கு மேல் வேண்டும். அதாவது, தூரம் கூடாமலேயே இதயத்தின் வேலை இரு மடங்காகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதே சரிவு 4 அலகுக்குள் அடங்கிவிடும். வழக்கமான இரண்டு மாடிப் படிகளை, ஏறத்தாழ 40 படிகளை, நிற்காமல் ஏறுவதும் கிட்டத்தட்ட 4 அலகு உழைப்புதான். மருத்துவர் அனுமதித்தபின், நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ இன்றி இவ்வளவு ஏற முடிகிறவர், மென்மையான மலைச்சாலையில் மெதுவாக நடக்கலாம். ஆனால் இரண்டு மாடி என்பது 20 அடி உயரமே. 100 அடி ஏற்றம் ஏறத்தாழ 200 படிகளுக்குச் சமம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரு பாதை நம்மிடம் எவ்வளவு கேட்கிறது என்பது விளங்கும்.

நெடுநாள் படுக்கையில் இருந்து எழுந்தவர்களும் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணைப் பகுதியில் தொடங்குவது நல்லது. மலை அடிவாரம், களைத்தால் உடனே வண்டியில் ஏறிவிடலாம். அங்கே அரைமணி நேரம் சிரமமின்றி நடந்தவர்கள் கரியாலூருக்குச் செல்லலாம். ஏற்றத்தை வாகனம் பார்த்துக்கொள்ளும். மேலே சென்று பூங்காவையும் படகுத் துறையையும் சுற்றி நடக்கலாம். மேகம் அருவி போன்ற, வாகனம் செல்லாத காட்டுவழிகள் வேறு வகை. உடல் வலுவுள்ளவர்கள் மட்டும், வனத்துறையிடம் கேட்டறிந்து, ஊரார் துணையோடு செல்ல வேண்டியவை அவை. மழைக்காலத்தில் அவர்களும் தவிர்க்கட்டும். மேலே பெய்யும் மழை கீழே அருவியில் சொல்லாமல் வெள்ளமாக வரும்.

அருவிப் பாதைகளில் ஒரு பொறி உண்டு. கோயில் மலையில் முதலில் ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். அருவிக்குப் பெரும்பாலும் முதலில் இறக்கம். குளித்து, உண்டு, வெயிலும் ஏறியபின் ஏற்றம். "இறங்கும்போது நன்றாகத்தான் இருந்தார்" என்று உறவினர் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இறக்கம் மூச்சைச் சோதிப்பதில்லை, முழங்காலைத்தான் சோதிக்கும். ஆகவே திரும்பி ஏறும் வலிமையைக் கணக்கிட்டே இறங்குங்கள். வயிறு நிறைய உண்டவுடன் ஏற வேண்டாம்.

உடன் செல்வோருக்குச் சில சொற்கள். மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு, அவர் வேகத்திற்கு மற்றவர்கள் நடங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி. "உம்", "ஆமாம்" என்று சுருங்கினால், அவர் கேட்காவிட்டாலும் நின்றுவிடுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களுக்கு நாடித் துடிப்பைவிட இந்தப் பேச்சுச் சோதனையே நம்பத்தக்கது. நெஞ்சு இறுகினால் உட்கார வைத்து, மருத்துவர் கொடுத்துள்ள மாத்திரையை நாக்கின் அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108ஐ அழையுங்கள். மலையில் கைப்பேசித் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. எங்கே கிடைக்கிறது என்று போகும்போதே பார்த்து வைப்பது நல்லது.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் காலை உணவைத் தவிர்த்துவிட்டு நடக்கக் கூடாது. திடீர் வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நீண்ட நடைக்குப்பின் அன்றிரவும் சர்க்கரை தாழக்கூடும். பாத உணர்வு குறைந்தவர்கள் புதுச் செருப்புடன் மலைக்கு வர வேண்டாம். வீடு திரும்பியதும் உள்ளங்கால்களை வேறொருவர் பார்க்கட்டும்.

நம் நண்பருக்கு டிரெட்மில் பரிசோதனை செய்து, மருந்துகளைச் சரிபார்த்து, கோமுகி அணையில் ஆறு வாரம் நடக்கச் சொன்னேன். பொங்கல் கழிந்து குடும்பத்தோடு சென்று வந்தார். கரியாலூரில் நடந்தாராம், பெரியார் அருவியில் பிள்ளைகள் குளிக்க, இவர் மேலேயே அமர்ந்துகொண்டாராம். "இறங்கியிருப்பார், நான்தான் விடவில்லை" என்றார் மனைவி. அவர் செய்தது சரி.

இன்னொன்று. மலையிலிருந்து திரும்பி மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் மலைக்குச் சென்றதைக் கட்டாயம் சொல்லுங்கள். புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சிகள் கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் தமிழகத்தில் அரிதன்று. அக்குள், இடுப்பு, தொடை இடுக்குகளில் வலியில்லாத கருநிறப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் எளிய மருந்தில் குணமாகும். காலம் கடந்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.